குழாயில் கட்டிய துணி

புதிதாகத் தேறி வந்திருக்கும் மருத்துவச்சித் தங்கைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்தத் தெரிந்தவளாக இருந்தால் நான் இத்தனை வருஷம் பிரசவ அறையில் காலம் தள்ளியிருக்க முடியாது. ஆகவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொப்புள்கொடியை எங்கே கட்டுவது, எங்கே வெட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். புத்தகத்தில் படமே போட்டிருக்கிறார்கள். நான் சொல்லப்போவது புத்தகத்தில் இல்லாதது, ஏனென்றால் அது நான் செய்த தவறு. அடுத்தவள் தவறைச் சொன்னால் கேட்க ருசியாக இருக்கும், ஆனால் உடம்பில் ஒட்டாது. அதனால் என்னுடையதையே சொல்கிறேன்.

முதலில் என் கைகளைப் பற்றி. எனக்கு அவற்றில் அபாரமான கர்வம். கட்டிலுக்குக் கட்டில் போகும்போதெல்லாம் சவுக்காரம் போட்டு முழங்கை வரை தேய்த்து, லைசால் என்ற கிருமிநாசினித் தண்ணீரில் முக்கி எடுப்பேன். தோல் வெடித்து, விரலிடுக்கெல்லாம் எரியும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மெல்லத் தள்ளி உட்காருவார்கள். சாம்பிராணிப் புகையையே என் கை வாடை அமுக்கிவிடுகிறது என்று பாடற்குழுவில் ஒருத்தி கேலி செய்தாள். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது. இந்த ஊரில் என் கையால் எந்தத் தாய்க்கும் எந்தப் பிள்ளைக்கும் நோய் வராது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்யும் இல்லை.

நான் பொறுப்பாயிருந்தது மார்க்கெட் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்த எட்டுக் கட்டில் பிரசவ விடுதி. இப்போது அந்த இடத்தில் துணிக்கடை. ஆரம்பத்தில் எட்டுக் கட்டிலில் ஆறு காலியாகவே கிடக்கும். ஏன் நம் பெண்கள் வருவதில்லை என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். என்னை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள், நர்ஸுக்கு இங்கே அதுதான் பெயர். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "அங்க போனா பச்சத் தண்ணிய ஊத்திருவாங்களாம், மிஸ்ஸி. ஜன்னி கண்டா யாரு பதில் சொல்றது?"

பிள்ளை பெற்ற உடம்பில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது என்பது நம்மவர்களுக்குச் சட்டத்துக்கு மேலான சட்டம். உங்கள் வீடுகளிலும் அப்படித்தான், இல்லையென்று என்னிடம் தலையாட்ட வேண்டாம். நான் இரண்டு பிள்ளை பெற்றபோதும் என் மாமியார் என்னைத் தண்ணீர்க் குடத்தின் பக்கமே விட்டதில்லை.

நான் அந்தத் தெருக்காரி. அந்தப் பெண்களின் பயம் எனக்குப் புரிந்தது. வாசலில் நின்று சத்தியம் செய்து கொடுத்தேன், எங்கள் விடுதியில் ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் உங்கள் மேல் படாது என்று. சொன்னதோடு நிற்கவில்லை. பின்கட்டில் கக்கூசுக்கு வெளியே நகராட்சிக் குழாய் ஒன்று இருந்தது. மறதியாக எவளாவது திறந்துவிடப் போகிறாளே என்று, காயம் கட்டும் துணியைக் கிழித்துக் குழாயின் கைப்பிடியை நானே இறுகக் கட்டிவைத்தேன். கக்கூசுக்குப் போகிறவளுக்கு ஆயா ஒரு செம்பு வெந்நீர் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. துணி கட்டிய குழாயை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். மாமியார்கள் பார்த்துத் தலையசைத்தார்கள். மூன்றே மாதத்தில் எட்டுக் கட்டிலும் நிறைந்தது. வெள்ளைக்கார டாக்டர் என்னைப் புகழ்ந்து இரண்டு வாக்கியம் எழுதிக் கொடுத்தார். அதைச் சட்டம் போட்டு மாட்டினேன்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி அஞ்சலை. கணவன் துறைமுகத்தில் சரக்குப் படகில் மூட்டை ஏற்றுகிறவன். கூட வந்தவள் நாத்தனார், கணவனின் அக்கா, வாய் ஓயாதவள். அஞ்சலைக்கு அது மூன்றாவது பிரசவம். முதல் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் பிறந்து, பத்து நாளுக்குள் வயிற்றால் போய் இறந்தவை. மாந்தம் என்று மருந்து அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் இறந்த பிறகு வீட்டில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அதை நாத்தனார் அஞ்சலைக்குக் கேட்கும்படியே என்னிடம் சொன்னாள்.

"இவ பாலு வெசம், மிஸ்ஸி. ரெண்டு உசுரு போயிருச்சு. இது தங்கலைன்னா தம்பிக்கு வேற பொண்ணுதான் பாக்கணும்."

அஞ்சலையும் அதை நம்பியிருந்தாள். பெண் குழந்தை பிறந்ததும் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "குடுக்கவா, வேணாமா?" என்பதுதான். நான் அதட்டி மார்பில் போட்டேன். குழந்தை நன்றாகக் குடித்தது. இரண்டு நாள் அஞ்சலையின் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் குழந்தைக்குத் தண்ணீராகப் போயிற்று. மத்தியானம் சளியும் இரத்தமும் கலந்து போயிற்று. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாத்தனாரும் எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

டாக்டர் வாரம் இரண்டு தடவை வருவார். அந்த வாரம் குளிர்காய்ச்சலில் படுத்திருந்தார், எழுந்து வரும் நிலையில் இல்லை. அவர் எழுதிவைத்த விதி சுவரில் தொங்கியது. கைக்குழந்தைக்குப் பேதி கண்டால் தாய்ப்பாலை நிறுத்து, டின் பாலைக் கொதித்த தண்ணீரில் கரைத்துக் கொடு. நான் அதைப் படித்தேன். இறந்துபோன இரண்டு பிள்ளைகளையும் நினைத்தேன். மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே பால், ஒரே நோய். ஒருவேளை நாத்தனார் சொல்வதிலும் ஏதோ இருக்குமோ என்று எனக்கும் தோன்றிவிட்டது. பாலை நிறுத்தினேன்.

அஞ்சலை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த முதுகை நான் இன்னும் மறக்கவில்லை.

பாலில் கொஞ்சம், குழந்தையின் மலத்தில் கொஞ்சம், தாயின் மலத்தில் கொஞ்சம் என்று மூன்று புட்டியில் அடைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். தாய்க்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை, இருந்தாலும் விட்டுவைப்பானேன் என்று சேர்த்து அனுப்பினேன். அந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்திருக்கிறேன்.

டின் பால் ஆரம்பித்த பிறகு குழந்தை தேறும் என்று பார்த்தால், இன்னும் மோசமாகப் போயிற்று. பாதியைக் கக்கியது. பசியில் அழும். பால் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டதால் அஞ்சலை தன் சுண்டுவிரலைச் சப்பக் கொடுத்து அழுகையை அடக்குவாள். நான் அதைப் பார்த்தேன். பாவம், அதையாவது செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த கட்டிலில் ஒரு குமாஸ்தாவின் மனைவி, பிரசவத்தில் களைத்துப் போனவள், நன்றாகத் தூங்குவாள். அவள் பிள்ளை அழுதாலும் அஞ்சலைதான் எடுத்து விரலைக் கொடுப்பாள். நல்ல மனசுக்காரி. ஐந்தாம் நாள் காலையில் அந்தப் பிள்ளைக்கும் தண்ணீராகப் போயிற்று.

இப்போது நினைத்துப் பாருங்கள். விடுதியில் ஏழு கைக்குழந்தைகள். ஒன்று உச்சிக்குழி பள்ளமாகி, கண் செருகிக் கிடக்கிறது. முந்தின நாள் இரவிலிருந்து அதன் துணி நனையவே இல்லை. இன்னொன்று தொடங்கிவிட்டது. கதவைச் சாத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பலாமா? அனுப்பினால் நோய் ஏழு வீட்டுக்குப் போகும். வைத்திருந்தால் ஏழு கட்டிலுக்கும் பரவும். கேட்க டாக்டர் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? போய் என் கையைக் கழுவினேன். வேறென்ன செய்வதென்று தெரியாதபோது நான் செய்கிற ஒரே காரியம் அது.

அப்போதுதான் ஆய்வுக்கூடத்திலிருந்து அந்த மனிதர் நேரில் வந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. கப்பித்தான் பள்ளிவாசல் பக்கத்துக்காரர், நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம், இந்த ஊர் வழக்கப்படி பேச்சின் கடைசியில் லா சேர்ப்பவர். புட்டி கழுவும் வேலையில் சேர்ந்து, துரைமார் செய்வதைப் பார்த்துப் பார்த்தே கிருமி வளர்க்கக் கற்றுக்கொண்டவர். வழக்கமாகச் சீட்டுதான் வரும். அன்று வேகாத வெயிலில் அவரே நடந்து வந்திருந்தார்.

"பாலு சுத்தம், மிஸ்ஸி" என்றார். "வயித்துக் கிருமி அதுல ஒண்ணுகூட இல்ல. ஆனா புள்ள மலத்துல இருக்கிறதும் தாயி மலத்துல இருக்கிறதும் ஒரே கிருமி. சீதபேதிதான்."

நான் ஒப்பவில்லை. "அவளுக்கு ஒரு கடுப்பும் இல்லையே, பாய்? கல்லு மாதிரி இருக்கா."

"முன்ன எப்பவாச்சும் வந்திருக்கும், கேட்டுப் பாருங்க. சில பேருக்கு நோவு போயிரும், கிருமி உள்ளயே குடியிருக்கும் லா."

அஞ்சலையைக் கேட்டேன். சொந்த ஊரிலிருந்து இந்தக் கரைக்குக் கப்பலில் வந்தபோது இரத்தமாகப் போனதாம். அதற்கப்புறம் எப்போதாவது இரண்டு நாள் வயிறு கடுக்குமாம், தானாக நின்றுவிடுமாம். அதை ஒரு நோய் என்றே அவள் நினைத்ததில்லை. நானும் சேர்க்கும்போது காய்ச்சல் உண்டா, கால் வீக்கம் உண்டா என்று கேட்டேனே தவிர, வயிற்றைப் பற்றிக் கேட்கவே இல்லை.

திரும்பி வந்து, "சரி, தாய்கிட்ட இருக்கு. பால்ல இல்லைன்னா புள்ளைக்கு எப்படி வரும்?" என்றேன்.

பாய் சிரித்தார். "கிருமிக்குக் காலு இல்ல, மிஸ்ஸி. யாராச்சும் தூக்கிக்கிட்டு வரணும். இங்க எந்தக் கை தூக்குதுன்னு பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. வெடித்துப்போன என் இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இந்தக் கையா தூக்கும்?"

"உங்க கைய எனக்குத் தெரியாதா? தெருமுனையிலயே வாடை வருது" என்றார் அவர். "உங்க கைய விடுங்க. மத்த கைங்கள கொஞ்சம் பாருங்க." குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

தங்கைகளே, அவசரமான நேரத்தில் சும்மா உட்கார்ந்து பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குப் போகப்போகத் தெரியும். ஓடத்தான் கால் துடிக்கும். நான் ஒரு முக்காலியை இழுத்துப் பின்கட்டு வாசலில் போட்டு உட்கார்ந்தேன். ஆயா என்னைப் பார்த்து, மிஸ்ஸிக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

கொஞ்ச நேரத்தில் அஞ்சலை கக்கூசுக்குப் போனாள். ஆயா ஒரு செம்பு வெந்நீர் வைத்தாள். ஒரு செம்பு, அதற்கு மேல் இல்லை. என் உத்தரவு. அந்த ஒரு செம்பு கால் கழுவத்தான் காணும். அஞ்சலை வெளியே வந்தாள். எதிரே குழாய். பிள்ளை பெறாத சாதாரண நாளாக இருந்தால் அவள் குழாயடியில் நின்று கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவாள், சுத்தக்காரி. அன்று குழாயைப் பார்த்தாள், அதில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள், சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். குழந்தை முனகியது. குனிந்து சுண்டுவிரலை அதன் வாயில் வைத்தாள்.

அந்த முடிச்சு என் முடிச்சு. பாலைச் சந்தேகப்பட்டேன், ஆனால் அத்தனை தாய்மார்களையும் கை கழுவ விடாமல் வைத்திருந்தது நான்தான். நாளுக்கு முப்பது தடவை என் கையைக் கழுவினேன். பிள்ளையை ஓயாமல் தொடுகிற கை என் கை இல்லை, தாயின் கை. அதைக் கழுவ ஒரு செம்புத் தண்ணீர் இருக்கிறதா என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

நல்ல வேளையாக அழுவதற்கு நேரம் இல்லை. செய்ய வேண்டியது தெளிவாகத் தெரிந்தது, அதுவே பாதி நிம்மதி. ஒரு மண்ணெண்ணெய் டின்னைத் தேய்த்துக் கழுவி, வெந்நீர் நிரப்பிக் கக்கூசு வாசலில் பெஞ்சு மேல் வைக்கச் சொன்னேன். பக்கத்தில் சவுக்காரம். ஆயா மொண்டு ஊற்ற, உள்ளே போய் வருகிற ஒவ்வொருத்தியும் என் கண் முன்னால் கை கழுவ வேண்டும். ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. ஏன் முணுமுணுக்கப் போகிறார்கள்? பச்சைத் தண்ணீர் ஆகாது என்றுதான் வழக்கம் சொல்லியது. கை கழுவாதே என்று எந்தக் காலத்தில் சொன்னது? அவர்கள் கேட்டது வெந்நீர். அதை ஒரு செம்பாகக் குறைத்தது நான்.

இன்னொரு காரியம் பாக்கி இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. டாக்டரின் விதி சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மீறிப் பாலைத் திரும்பக் கொடுத்து, குழந்தை போய்விட்டால், என் சான்றிதழ் போகும். அது போகட்டும். மூன்றாவது பிள்ளையையும் உன் பால்தான் கொன்றது என்று அஞ்சலையிடம் அவர்கள் ஆயுள் முழுக்கச் சொல்வார்கள். கொடுக்காவிட்டாலோ, டின் பால் தங்காத அந்தக் குழந்தை மறுநாளைப் பார்க்காது. பாயின் வார்த்தை ஒன்றுதான் என் கையில் இருந்தது. பாலு சுத்தம்.

அஞ்சலையின் இரண்டு கைகளையும் நானே பிடித்துக் கழுவினேன், மார்பையும் கொதித்து ஆறிய தண்ணீரால் துடைத்துவிட்டேன். குழந்தையை எடுத்தேன். நாத்தனார் குறுக்கே வந்து நின்றாள்.

"இன்னொன்னையும் கொல்லப் போறீங்களா?"

"தள்ளிக்கம்மா" என்றேன். "தப்பா போச்சுன்னா மிஸ்ஸிதான் கொன்னான்னு ஊரெல்லாம் சொல்லு. இவளச் சொல்லாத."

அவள் தள்ளி நின்றாள். குழந்தைக்கு உறிஞ்சக்கூடத் தெம்பு இல்லை. அஞ்சலை பாலைப் பீய்ச்ச, நான் வெந்நீரில் கொதிக்கவைத்த கரண்டியில் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். நடுநடுவே கொதித்து ஆறிய தண்ணீர். கால் மணிக்கு ஒரு தரம். கக்கினால் கொஞ்சம் பொறுத்து மறுபடியும். சாயங்காலம் வரை அப்படியே போயிற்று. நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மாதாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். மெழுகுவத்தி, ஒருசந்தி நோன்பு என்று நான் வாக்குக் கொடுத்ததையெல்லாம் நிறைவேற்றியிருந்தால் இன்றைக்கும் பட்டினியாகத்தான் கிடப்பேன்.

விளக்கேற்றும் நேரத்துக்கு என் மடி வெதுவெதுப்பாக இருந்தது. முதலில் புரியவில்லை. குனிந்து பார்த்தேன். குழந்தை மூத்திரம் போயிருந்தது. கஞ்சி போட்ட என் வெள்ளை உடுப்பெல்லாம் நனைந்துவிட்டது. நான் எழுந்து நின்று சிரித்தேன், அழுதேன், இரண்டும் சேர்ந்து வந்தது. நாத்தனார் பயந்து ஓடி வந்தாள். நனைந்த உடுப்பைக் காட்டினேன். அவளும் பிள்ளை பெற்றவள்தானே, உடனே புரிந்துகொண்டாள். தொப்பென்று தரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த நாள் குழந்தை மார்பிலேயே பிடித்துக் குடித்தது. இரத்தம் நின்றது. உச்சிக்குழி மேலே வந்தது. பக்கத்துக் கட்டில் பிள்ளை இரண்டே நாளில் தேறிவிட்டது. மற்ற ஐந்துக்கும் ஒன்றும் வரவில்லை. குழாயில் இருந்த துணியைக் கத்தரியால் வெட்டி எடுத்தேன். டாக்டர் எழுந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சுவரில் தொங்கிய விதியை அவரே கழற்றினார். என்னைப் புகழ்ந்து எழுதி, சட்டம் போட்டு மாட்டியிருந்த இரண்டு வாக்கியத்தையும் நானே கழற்றினேன்.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான கட்டம். தேறிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அஞ்சலை என்னைக் கூப்பிட்டாள்.

"அப்ப என் பாலு வெசம் இல்லையா, மிஸ்ஸி?"

"இல்ல. சுத்தமான பாலு. அதுதான் புள்ளையக் காப்பாத்துச்சு." நாத்தனாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். கை கழுவாததால் வந்த வினை என்றும், இனி வாழ்நாள் முழுக்கக் கழுவ வேண்டும் என்றும் சொன்னேன்.

அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். நான் எதற்குப் பயந்தேனோ அதைக் கேட்டாள்.

"அப்ப மொதல்ல போன ரெண்டும்?"

நம்முடைய வேலையில் இப்படிக் கேள்விகள் வரும். பொய் சொல்லத் தோன்றும். அது கடவுள் விட்ட வழி என்று சொல்லி நகர்ந்துவிடலாம். சொன்னால் அடுத்த பிள்ளைக்குக் கை கழுவ மாட்டாள். உன் கைதான் என்று சொல்லிவிட்டால் அந்தக் கையை வைத்துக்கொண்டு அவள் எப்படி வாழ்வாள்? யோசிக்க நேரம் கேட்கவும் முடியாது, முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அப்பவும் கை கழுவ உனக்கு யாரும் தண்ணி குடுக்கல, அஞ்சலை" என்றேன். "இந்தத் தரம் தண்ணி குடுக்காதவ நான்."

அவள் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து நாத்தனார் எழுந்து வந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அந்தப் பேச்சுக்காரி பேசாமல் செய்த காரியத்தில் அதுதான் ஆகச் சிறந்தது.

பத்தாம் நாள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வாசலில் ரிக்‌ஷா நின்றது. நான் வண்டிக்காரனிடம் மெதுவாகப் போகச் சொல்லி, மூட்டையைத் தூக்கி வைத்து, இருக்கையைத் தட்டிவிட்டேன். அஞ்சலை ஏறி உட்காரும்வரை குழந்தையை வாங்கிக்கொள்ளலாம் என்று, இந்த ஊரிலேயே சுத்தமான என் இரண்டு கைகளையும் நீட்டினேன்.

அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்வாங்கினாள். குரலில் பணிவு இருந்தது, ஆனால் இடம் விட்டு அசையவில்லை.

"கை கழுவிட்டீங்களா, மிஸ்ஸி?"

கழுவவில்லை. போய்க் கழுவிக்கொண்டு வந்தேன்.